வீட்டுப் பட்டறையில் சிஎன்சி: முதல் ஆர்டர் வாங்கும் முன்

யூடியூப்பில் ‘ஹோம்மேட் சிஎன்சி’ என்று தேடிப் பாருங்கள். பத்து நிமிட வீடியோவில் ஒருவர் மெஷினையே கட்டி முடித்து, கடைசியில் மரத்தில் ஒரு மயிலையும் செதுக்கிக் காட்டிவிடுவார். நம்ம வீட்டு மாடியில் அதே வேலை மூன்று மாதம் இழுக்கும். இழுத்தாலும் முடியும் என்பதுதான் நல்ல செய்தி. தச்சு வேலை தெரிந்தவர், பாலிடெக்னிக் படித்தவர், ஏன், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த பொறுமைசாலி யாரும் இதைச் செய்யலாம். எங்கே காசு வீணாகிறது, எங்கே விரலுக்கு ஆபத்து, எந்த இடத்தில் உங்கள் வீட்டு கரண்ட் பில் சட்டச் சிக்கலாக மாறுகிறது என்பது முன்னாடியே தெரிந்திருந்தால் போதும்.

கார்பெண்டர் கையில் பிடித்து ஓட்டுகிற ரவுட்டரைப் பார்த்திருப்பீர்கள். அதை ஒரு சட்டத்தில் மாட்டி, இடம் வலம், முன் பின், மேல் கீழ் என மூன்று திசையிலும் மோட்டார் வைத்து நகர்த்தினால் அதுதான் சிஎன்சி ரவுட்டர். ‘இந்தப் புள்ளிக்குப் போ, இந்த வேகத்தில் போ’ என்று சொல்லும் வரிகளுக்கு ஜி-கோட் என்று பெயர். 1952-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் இந்த மாதிரி மெஷினை ஓட்டிக் காட்டியபோது கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவில் இருந்தன. இன்று அந்த வேலையைச் சின்ன ஆர்டினோ பலகையும் ‘ஜிஆர்பிஎல்’ என்ற இலவச மென்பொருளும் பார்த்துக்கொள்கின்றன.

காசை எங்கே போடுவது?

முதல் தடவை கட்டுகிறவர்கள் மோட்டாருக்கும் ஸ்பிண்டிலுக்கும் செலவழித்துவிட்டு, சட்டத்தை மிச்சம் கிடந்த பிளைவுட்டில் முடித்துவிடுவார்கள். பெரும்பாலான மெஷின் கெட்டுப்போவது இங்கேதான். பிட் மரத்தைத் தள்ளும்போது மரமும் பிட்டைத் திருப்பித் தள்ளுகிறது. அந்த விசையில் சட்டம் கால் மில்லிமீட்டர் வளைந்தால் வெட்டும் கால் மில்லிமீட்டர் தப்பு. மோட்டார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதைச் சரி செய்யாது.

இன்னொரு கணக்கு இருக்கிறது. ரவுட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், அதே எடைக்கு அது வளையும் அளவு இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். ஆகவே ‘எட்டுக்கு நாலு ஷீட்டே வெட்டணும்’ என்று ஆரம்பிக்காதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி போதும். பெயர்ப் பலகை, சாமி பட சட்டம், டப்பா மூடி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அலுமினிய ப்ரொஃபைல் கிடைத்தால் நல்லது. வெல்டிங் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் இரும்புச் சதுரக் குழாய் இன்னும் கெட்டி.

சட்டம் மூலை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, கொத்தனார் அஸ்திவாரத்துக்கு நூல் கட்டுகிற அதே வழிதான். ஒரு பக்கம் 300 மில்லிமீட்டர், மறு பக்கம் 400 குறித்தால் குறுக்கே சரியாக 500 வர வேண்டும். கட்டி முடித்த பிறகு பென்சிலை மாட்டி ஒரு பெரிய சதுரம் வரையச் சொல்லி இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் மரத்தில் கை வைக்காதீர்கள்.

மோட்டார் கணக்கு ரொம்ப எளிது. வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி எடுத்து வைக்கும். டிரைவரில் உள்ள சின்ன சுவிட்சுகளை எட்டில் ஒரு பங்கு அடிக்கு வைத்தால் ஒரு சுற்றுக்கு 1,600. ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் பால் ஸ்க்ரூ போட்டிருந்தால் 1,600-ஐ 5-ஆல் வகுங்கள்: ஒரு மில்லிமீட்டருக்கு 320. இந்த எண்ணைத்தான் ஜிஆர்பிஎல் கேட்கும். 100 மில்லிமீட்டர் போகச் சொன்னால் 99 தான் போகிறதா? உடனே அந்த எண்ணை மாற்றிச் சரிக்கட்டாதீர்கள். மோட்டாரையும் ஸ்க்ரூவையும் சேர்க்கும் கப்ளிங்கின் திருகு தளர்ந்திருக்கும், அதை முதலில் பாருங்கள். கரண்ட் ஓடும்போது மோட்டார் ஒயரைக் கழற்றினால் டிரைவர் எரிந்துவிடும். இதைச் சொல்லாமல் விட்ட வீடியோக்கள் நிறைய.

பாகங்களுக்குச் சென்னைக்காரர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சுற்று சுற்றினால் எலக்ட்ரானிக்ஸ் கிடைத்துவிடும். விலையை இங்கே எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும், அதனால் எழுதவில்லை. மெஷினையே நேரில் பார்த்ததில்லை என்பவர்கள் முதலில் அரசு ஐடிஐ பக்கம் போய் விசாரியுங்கள். டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து தொழில் 4.0 மையங்களாக மேம்படுத்தப்பட்ட 71 அரசு ஐடிஐக்களும் அதில் அடக்கம்.

வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்?

வீடியோவில் கரண்ட் போகவே போகாது. நமக்குப் போகும். ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது, எண்ணிக்கொண்டே போவதுதான் அதன் வேலை. கரண்ட் போனதும் எண்ணிக்கை மறந்துவிடும். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் ஸ்க்ரீனில் எல்லாம் ஓடுவது போலவே தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். மூன்று திசையிலும் ஓரத்தில் ஒரு சின்ன லிமிட் சுவிட்ச் வைத்து, கரண்ட் வந்ததும் மெஷினை அங்கே போய்த் தொட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும். இதுதான் ஹோமிங். நீங்கள் குறித்து வைத்த தொடக்கப் புள்ளியை ஜிஆர்பிஎல் பலகையிலேயே சேமித்து வைத்திருக்கும், அதனால் ஹோமிங் முடிந்ததும் விட்ட இடத்தைப் பிடித்துவிடலாம். சுவிட்ச் இல்லாத மெஷினில் பாதி செதுக்கிய தேக்குப் பலகை விறகுதான்.

தமிழில் பெயர்ப் பலகை செய்யப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். 6 மில்லிமீட்டர் பிட் எந்த உள் மூலையையும் 3 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மேல் கூர்மையாக வெட்டாது. இங்கிலீஷ் பெரிய எழுத்துக்கு அது பிரச்சினையில்லை. நம்ம ‘இ’யின் உள் சுழியும் ‘ஞ’வின் இடைவெளியும் அதில் காணாமல் போய்விடும். சின்ன எழுத்துக்கு ‘வி’ வடிவ பிட் போடுங்கள். இன்க்ஸ்கேப்பில் தமிழைத் தட்டச்சு செய்தபின் எழுத்தைக் கோடாக மாற்றிச் சேமியுங்கள். இல்லையென்றால் வேறு கம்ப்யூட்டரில் திறக்கும்போது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். எங்க அத்தை வீட்டுக்கு நான் செய்து கொடுத்த முதல் பலகையில் கால் தனியாகப் பிரிந்து நின்றதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

விரல், நுரையீரல், ஒயரிங்

ட்ரிம்மர் நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை சுற்றும். கையுறை வேண்டாம், துணி பிட்டில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். வேட்டி, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் எதுவும் வேண்டாம். கண்ணாடி கட்டாயம். சிவப்பு அவசர பட்டன் கம்ப்யூட்டர் வழியாக இல்லாமல் மெயின் கரண்டையே நேராக நிறுத்துவதாக இருக்கட்டும், ஏனென்றால் மெஷின் தறிகெட்டு ஓடும்போது கம்ப்யூட்டரும் பெரும்பாலும் சொன்னபடி கேட்காது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, நல்ல எர்த் இரண்டும் இல்லாமல் ஸ்பிண்டிலை ஓட்டாதீர்கள். வீட்டு ஒயரிங் பழசு என்றால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. எம்டிஎஃப் தூள் மாவு மாதிரி நைசாக இருப்பதால் அறை முழுக்க மிதக்கும். பிட் பக்கத்திலேயே வேக்கம் கிளீனர் குழாயை மாட்டுங்கள், என்95 முகக்கவசமும் போடுங்கள். குழந்தைகள் படுக்கிற அறையை ஒட்டி மெஷின் வைக்காதீர்கள். ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கவும் போகாதீர்கள். மழுங்கிய பிட் மரத்தைக் கருக்கும், அந்தத் தணல் தூள் குவியலில் விழுந்தால் தீ.

பொழுதுபோக்கு எப்போது தொழில் ஆகிறது?

உங்கள் வீட்டுக்கு ஒரு பலகை, தம்பி வீட்டுக்கு ஒரு பலகை என்கிற வரை கவலையில்லை. பக்கத்துத் தெரு கடைக்காரர் காசு கொடுத்து பத்து பலகை கேட்கும்போது நிலைமை மாறுகிறது. 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் முழுப் பளுவில் மூன்று மணி நேரம் ஓடினால் 6.6 யூனிட். பில் கூடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் அனுமதியில்லாத பயன்பாடு. சோதனையில் தெரியவந்தால் அந்தப் பயன்பாட்டுக்கு உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போதிருந்து ஓட்டுகிறீர்கள் என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துப் போடலாம். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

குடிசைத் தொழில், குறுந்தொழில்களுக்கு நம் மாநிலத்தில் தனி மின்கட்டணப் பிரிவு இருக்கிறது. உங்கள் பட்டறைக்கு எது பொருந்தும், தனி மீட்டர் வேண்டுமா என்பதை முதல் ஆர்டருக்கு முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். போகும்போது உத்யம் சான்றிதழ் கையில் இருந்தால் நல்லது. ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் இருந்தால் போனிலேயே பதிவு செய்துவிடலாம், ஆதாரோடு இணைத்த நம்பருக்கு ஓடிபி வரும். பதிவு முழுக்க இலவசம். கூகுளில் தேடினால் மேலே வருகிற, கட்டணம் கேட்கும் தளங்கள் தனியார் ஏஜெண்டுகளுடையவை. முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா பார்த்துவிட்டு விவரம் கொடுங்கள்.

கடன், மானியத் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையம் போங்கள். ஆனால் கையால் கட்டிய மெஷினுக்கு பில் இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். மோட்டார், ஸ்பிண்டில், பலகை எது வாங்கினாலும் முதல் நாளிலிருந்தே ரசீது வாங்கி போனில் படம் எடுத்து வையுங்கள். மின் இணைப்பு பற்றிய சந்தேகங்களுக்கு மின்னகம் எண் 94987 94987, 24 மணி நேரமும் பேசலாம்.