சுண்ணாம்புக் கம்பம்: சிங்கப்பூர்க் கட்டடங்களில் இந்தியர் உழைப்பின் சுவடுகள்

முன்னுரை

சிங்கப்பூரின் கட்டடக்கலை வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் கட்டடத்தை வரைந்தவரின் பெயரையும் அதன் பாணியையும் கொண்டே அவ்வரலாற்றை வகுத்துரைக்கின்றன. கோல்மன், மெக்பெர்சன், மெக்நேயர் ஆகிய பெயர்கள் இவ்வகையில் நிலைபெற்றுள்ளன. வரைபடத்தைச் சுவராகவும் தூணாகவும் மாற்றியவர்கள் யாவர், அவர்கள் எப்பொருளைக் கொண்டு எம்முறையில் கட்டினர் என்னும் வினாக்கள் அந்நூல்களில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. செங்கல், சுண்ணாம்பு, மண் ஆகிய மூன்று பொருள்களை வழித்துணையாகக் கொண்டு அவ்வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முயல்கின்றது. தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. ஏனெனில், இவ்வரலாற்றின் சான்றுகளுள் ஒன்று தமிழ்ப் பேச்சு வழக்கிலேயே தங்கியுள்ளது.

செங்கல்

1819ஆம் ஆண்டு மே மாதம் இராஃபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது, பினாங்கில் அரசாங்க எழுத்தராகப் பணியாற்றிய நாராயண பிள்ளையும் அவருடன் வந்தார். அவர் இங்குச் செங்கற்சூளை ஒன்றை நிறுவினார். இத்தீவின் முதல் கட்டட ஒப்பந்தக்காரர் என்றும் கருதப்படுகின்றார். 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தில் வணிகப் பகுதிகளின் வீடுகள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமைதல் வேண்டும் என்றும், அவற்றின் முன்புறத்தில் மக்கள் நடந்து செல்லக் கூரையுடைய தாழ்வாரம் இருத்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இன்று லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளில் நாம் காணும் ‘ஐந்தடி நடைபாதை’ இவ்விதியின் வழிவந்ததே. இத்தகைய விதி நடைமுறைக்கு வரவேண்டுமாயின் செங்கல் பெருமளவில் தேவைப்படும். எனவே, செங்கற்சூளை என்பது தனியொருவரின் வணிக முயற்சி மட்டுமன்று. நகர உருவாக்கத்தின் அடிப்படைத் தேவையும் ஆகும்.

நாராயண பிள்ளை முன்னின்று சவுத் பிரிட்ஜ் சாலையில் எழுப்பிய மாரியம்மன் கோயில், 1827இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன எளிய கட்டடமாகவே தொடங்கியமை இங்குக் கருதத்தக்கது. செங்கற்சூளை நடத்தியவர் எழுப்பிய கோயிலே செங்கற்கட்டடமாக உருப்பெற 1843ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

கைதிகளின் வருகை

1824ஆம் ஆண்டின் ஆங்கில – டச்சு உடன்படிக்கையால் சுமத்திராவின் பென்கூலன் குடியேற்றம் டச்சுக்காரர் வசமாயிற்று. அங்கு வைக்கப்பட்டிருந்த இந்தியக் கைதிகளை வேறிடத்துக்கு மாற்றவேண்டிய நிலை ஏற்பட்டது. அவ்வாறு மாற்றப்பட்டோருள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த 80 பேர் 1825 ஏப்ரல் 18ஆம் நாள் சிங்கப்பூரை வந்தடைந்தனர். வங்காளத்திலிருந்து நாடு கடத்தப்பட்டிருந்த 122 பேர் அவர்களைத் தொடர்ந்து வந்தனர். பின்னர், இந்தியாவிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் கைதிகள் நேரடியாக அனுப்பப்பட்டனர். 1873இல் கைதிகள் துறை மூடப்படும்வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு இம்முறை நீடித்தது.

சதுப்பு நிலத்தைத் தூர்த்தல், சாலை அமைத்தல் ஆகியன அவர்களுடைய தொடக்கப் பணிகளாக இருந்தன. காலப்போக்கில் அவர்களுக்குக் கல்லுடைப்பு, செங்கல் அறுப்பு, தச்சு, கொல்லுவேலை, கொத்துவேலை முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. நன்னடத்தையுடைய கைதிகளே பிற கைதிகளைக் கண்காணிக்கும் முறையும் நிலவிற்று. கைதிகளின் கண்காணிப்பாளராக விளங்கிய மெக்நேயர் 1899இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, ‘தமக்குத் தாமே காவலரான கைதிகள்’ என்னும் பொருளுடையது. 1858இல் சிராங்கூன் சாலையில் தொடங்கப்பெற்ற அரசாங்கச் செங்கற்களத்தில் கைதிகளே செங்கல் அறுத்துச் சுட்டனர். அக்களத்தின் செங்கல் 1867ஆம் ஆண்டு ஆக்ராவில் நடைபெற்ற பொருட்காட்சியில் பதக்கம் பெற்றது. 1867 முதல் 1869 வரை மெக்நேயரின் பொறுப்பில் கட்டப்பெற்ற ஆளுநர் மாளிகையும் அவர்களின் உழைப்பால் எழுந்ததே. அதுவே இன்றைய இஸ்தானா.

சுண்ணாம்பு

கைதிகளின் கைத்திறனுக்குப் பெருஞ்சான்றாகக் காட்டத்தக்கது புனித ஆண்ட்ரூ பேராலயம். அவ்விடத்தில் இருந்த முந்தைய தேவாலயம் இருமுறை இடி தாக்கிப் பழுதுற்றது, 1855இல் இடிக்கப்பட்டது. பொறியாளரும் கைதிகள் கண்காணிப்பாளருமான மெக்பெர்சன் புதிய ஆலயத்தைக் கோதிக் பாணியில் வரைந்தார். 1856இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1862இல் ஆலயம் அருட்பொழிவு செய்யப்பெற்றது. பாணி ஆங்கிலேயருடையது, சுவர்ப்பூச்சின் முறையோ சென்னையுடையது.

‘மதராஸ் சுண்ணம்’ எனப்பட்ட அப்பூச்சின் செய்ம்முறையை மெக்நேயர் விளக்கியுள்ளார். மணல் கலவாத கிளிஞ்சற் சுண்ணாம்புடன், முட்டையின் வெண்கருவும் வெல்லமும் சேர்த்து அடித்த கலவை சேர்க்கப்பட்டது. தேங்காய் மட்டை ஊறிய நீரால் அது குழைக்கப்பட்டது. பூசிய சுவர் ஓரளவு உலர்ந்தபின், படிகக்கல்லாலோ உருண்டைக் கல்லாலோ தேய்க்கப்பட்டது. இடையிடையே மாக்கல் பொடி தூவி, பளபளப்பு ஏறும்வரை மெருகிடப்பட்டது. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களை அறிந்தோர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. எனினும், இது ஒரு நூற்செய்தி என்பதை மறத்தல் ஆகாது. ஒவ்வொரு சுவரிலும் இக்கலவையே உள்ளது எனக் கொள்ளுதற்கு ஆய்வுக்கூடச் சான்று தேவை. நூற்செய்தி, தொழில்முறை பற்றிய அறிவு இங்கு நிலவியமையைக் காட்டுகின்றது. அந்த அளவில் அதன் மதிப்புக் குறையாது.

இவ்விடத்தில் தமிழ் வழக்கு ஒன்று துணைக்கு வருகின்றது. சிராங்கூன் சாலைப் பகுதியில் அக்காலத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அதனால் தமிழர் அவ்வட்டாரத்தைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என அழைத்தனர். இன்றைய வீரமாகாளியம்மன் கோயிலும் முற்காலத்தில் ‘சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்’ எனப்பட்டது. ‘கம்பம்’ என்பது இங்குத் தூணைக் குறிப்பதன்று. சிற்றூரைக் குறிக்கும் ‘கம்போங்’ என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். பிறந்த ஊரின் தொழிற்சொல்லும் புகுந்த ஊரின் இடச்சொல்லும் இணைந்து உருவான பெயர் இது. தொழிலாளரின் பெயர்கள் மறைந்தன. தொழிலின் பெயர் மட்டும் ஓர் இடத்தின் மீது சிறிது காலம் நின்றது. காளவாய்கள் அகன்றபின் அப்பெயரும் வழக்கொழிந்து வருகின்றது. முதியோர் நாவிலுள்ள இத்தகைய பெயர்களைத் தொகுத்தல், கட்டடங்களைப் பாதுகாத்தலுக்கு ஒப்பான பணியாகும்.

மண்: பிடோக்

நினைவுச்சின்னங்கள் நிறைந்த நகர மையத்துக்கே இவ்வகை ஆய்வு பொருந்தும் எனக் கருதுதல் வேண்டா. பிடோக் போன்ற புதுநகரில் வாழும் மாணவர், தம் வட்டாரத்துக்கு வரலாறே இல்லையென எண்ணக்கூடும். பொருளை நோக்கின் அவ்வெண்ணம் மாறும். 1966இல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நிலமீட்புத் திட்டத்துக்காகச் சிக்லாப், பிடோக் பகுதிகளின் குன்றுகள் வெட்டப்பட்டன. அம்மண் நகரும் பட்டைகளின் வழியே கடலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. குன்று இருந்த நிலம் சமமாயிற்று. கடல் இருந்த இடம் கரையாயிற்று. பிடோக் நீர்த்தேக்கமும் முன்பு மணல் அகழப்பெற்ற பள்ளமே. 1986இல் அது நீர்த்தேக்கமாக நிறைவுற்றது. சிராங்கூனில் காளவாய் மறைந்ததுபோலப் பிடோக்கில் குன்று மறைந்தது. பொருளைக் கொடுத்த இடம் தன் பழைய உருவை இழத்தல் இரண்டுக்கும் பொதுவாகும்.

இரு எச்சரிக்கைகள்

இவ்வரலாற்றை எழுதும்போது இரண்டு பிழைகளுக்கு இடமுண்டு. முதலாவது, மிகைக்கூற்று. கைதிகளுள் தமிழர் இருந்தனர்; ஆயினும் வங்காளத்தினரும் பம்பாய் மாகாணத்தினரும் பிறரும் இருந்தனர். ஆதலின், ‘இக்கட்டடங்களைத் தமிழரே கட்டினர்’ எனக் கூறுதல் சான்றுக்கு முரணாகும். இரண்டாவது, நாணத்தால் விளையும் மறைப்பு. வணிகரையும் கொடையாளரையும் முன்னோராகக் கொண்டாடும் நாம், கைதிகளைக் குறிப்பிடத் தயங்குகின்றோம். விடுதலை பெற்ற கைதிகளுள் பலர் இங்கேயே தங்கிப் பிழைத்தனர். மக்களோடு மக்களாகக் கலந்தனர். அவர்களை விலக்கி எழுதப்படும் சமூக வரலாறு குறையுடையதாகவே அமையும். நாராயண பிள்ளையின் பெயர் நமக்குக் கிடைத்தமைக்கும் சுண்ணாம்பு அரைத்தோரின் பெயர் நம் நினைவில் நில்லாமைக்கும் காரணம் தகுதி வேறுபாடன்று. யாரை நினைவுகூர்வது எனச் சமூகம் செய்த தேர்வே ஆகும்.

முடிவுரை

மாரியம்மன் கோயிலும் புனித ஆண்ட்ரூ பேராலயமும் 1973ஆம் ஆண்டில் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பெற்றன. சமயத்தாலும் பாணியாலும் இவை வேறுபட்டவை. இந்தியர் கைத்தொழிலால் ஒன்றுபட்டவை. மாணவரை இவ்விடங்களுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், ‘இதை வரைந்தவர் யார்?’ என்னும் வினாவோடு நில்லாமல், ‘இது எப்பொருளால் ஆனது? அப்பொருள் எங்கிருந்து வந்தது? அதை யார் பக்குவப்படுத்தினர்?’ எனவும் வினவுதல் வேண்டும். காளவாய், காரை, கிளிஞ்சல், மெருகு ஆகிய சொற்கள் அகராதியிலிருந்து வகுப்பறைக்கு மீளவும் அவ்வினாக்கள் வழிவகுக்கும்.