எலும்புருக்கி நோயும் நுண்துளை அறுவைச் சிகிச்சையும்

காசநோய்க்கு நம் முன்னோர் இட்ட பெயர் 'எலும்புருக்கி நோய்'. நோயாளி எலும்பும் தோலுமாக மெலிவதைக் கண்டு அவ்வாறு அழைத்தனர். ஆனால், இந்நோய் உண்மையிலேயே எலும்பை அரிக்கும் என்பதை என் பெரியப்பாவுக்கு வந்தபோதுதான் அறிந்தேன். தோட்டத்தில் உழைத்தவர். முதுகுவலியை வேலை அலுப்பு என்றெண்ணி ஆறு மாதங்கள் எண்ணெய் தேய்த்து உருவிக்கொண்டார். கால்கள் தடுமாறத் தொடங்கிய பிறகே ஸ்கேன் எடுத்தோம். இருமலே இல்லாதவருக்குக் காசநோயா என்று குடும்பமே திகைத்தது.

முதுகெலும்பில் என்ன நடக்கிறது?

1779-ஆம் ஆண்டு பெர்சிவல் போட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், முதுகு கூனிக் கால்கள் செயலிழக்கும் இந்நோயை விவரித்தார். அதனால் இது 'போட் நோய்' எனப்படுகிறது. இதற்குக் காரணமான கிருமியை இராபர்ட் கோக் 1882-இல்தான் கண்டறிந்து அறிவித்தார்.

பெரும்பாலும் நுரையீரலில் குடியேறும் கிருமி, இரத்தத்தின் வழியே முதுகெலும்பை அடைகிறது. அடுத்தடுத்த முள்ளெலும்புகளின் முன்பகுதியை அரிக்கிறது. முன்பக்கம் நொறுங்குவதால் கூன் விழுகிறது. சீழும் எலும்புச் சிதைவும் தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் வலுவிழக்கின்றன.

எல்லாருக்கும் கத்தி தேவையா?

தேவையில்லை. மருந்தே முதல் சிகிச்சை. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும் முதல் இரு மாதங்களுக்குத் தரப்படும். பின்னர் மருந்துகள் குறைக்கப்பட்டு, பெரும்பாலும் மொத்தம் 9 முதல் 12 மாதங்கள் சிகிச்சை தொடரும். சென்னையில் நடந்த ஆய்வொன்றின் பத்தாண்டு அறிக்கை 1999-இல் வெளிவந்தது. நடமாடக்கூடிய நோயாளிகளுள் பெரும்பாலோர் அறுவையின்றி மருந்தாலேயே குணமடைந்ததை அது காட்டியது.

தண்டுவடம் அழுத்தப்பட்டாலோ, முதுகெலும்பு நிலைகுலைந்தாலோ, கூன் கூடிக்கொண்டே போனாலோ அறுவை தேவைப்படும். ஹாட்ஜ்சன், ஸ்டாக் எனும் மருத்துவர்கள் ஹாங்காங்கில் உருவாக்கி 1956-இல் வெளியிட்ட முறை புகழ்பெற்றது. முன்பக்கமாகச் சென்று, அரிக்கப்பட்ட எலும்பை அகற்றி, நோயாளியின் சொந்த எலும்பையே அங்கு ஒட்டுவைப்பார்கள். பலன் தந்த முறைதான். ஆனால், நோயால் நலிந்தவரின் மார்பைத் திறப்பது பெருஞ்சுமை.

நுண்துளை வழி

இச்சுமையைக் குறைப்பதே நுண்துளைச் சிகிச்சையின் நோக்கம். இதில் மூன்று வழிகள் முக்கியமானவை. முதலாவது, ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி ஊசியைச் செலுத்தி, பரிசோதனைக்கு மாதிரி எடுத்துச் சீழையும் வடிப்பது. இரண்டாவது, மார்பில் சில துளைகளிட்டுக் கேமரா பொருத்திய கருவியால் நோயுற்ற பகுதியைச் சுத்தம் செய்வது. மூன்றாவது, தோலில் சிறு கீறல்களிட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தவாறே முள்ளெலும்புகளில் திருகாணிகளைப் பொருத்துவது. பாவாடைக்கு நாடா கோப்பதுபோல, ஓர் உலோகக் கம்பியைத் தசைக்குள்ளேயே நுழைத்துத் திருகாணித் தலைகளில் கோத்து இறுக்குவார்கள்.

தசை அதிகம் சிதைவதில்லை; இரத்த இழப்பும் வலியும் குறைவு; விரைவில் எழுந்து நடக்கலாம். எனினும், கூன் கடுமையாக இருந்தாலோ எலும்பு பெருமளவு அழிந்திருந்தாலோ திறந்த அறுவையே ஏற்றது. எந்த அறுவை செய்தாலும் மருந்தை நிறுத்தக் கூடாது. அறுவை முதுகைத் தாங்குகிறது; கிருமியைக் கொல்வது மாத்திரையே.

நம் கடமை

பெரியப்பா இன்று நடக்கிறார். முதுகில் எட்டுச் சிறு தழும்புகள். ஆனால், பக்கத்து வீட்டாரிடம் நாங்கள் இன்னும் 'முதுகு ஆப்பரேஷன்' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். நோயைவிட அதன் பெயருக்கு அஞ்சுகிறோம்! மலேசியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 25,000க்கும் மேற்பட்டோருக்குக் காசநோய் கண்டறியப்பட்டது. இது யாருக்கும் வரலாம். நுரையீரலில் நோயில்லாமல் முதுகெலும்பில் மட்டும் இருந்தால், இருமல் வழியாகப் பிறருக்குப் பரவுவதும் இல்லை.

நண்பர்களே, வாரக்கணக்கில் தீராத முதுகுவலியோடு மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் ஆகியவையும் சேர்ந்தால், எண்ணெய்ப் புட்டியைத் தேடாதீர்கள், மருத்துவரைத் தேடுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். வெட்கப்பட்டு இழந்த மாதங்களை எந்த நுண்துளையாலும் மீட்டுத் தர இயலாது.