பால் சோறு தின்ற பூனைக்குப் பார்வை போனது!

அடுக்குமாடி வீட்டில் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு...

சென்னை-

மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடி வீடு. மூன்றாவது மாடி. ரிட்டயர் ஆன கணவர், அவரது மனைவி. பிள்ளைகள் வெளியூரில். "மணி" என்ற பூனைதான் இப்போது வீட்டின் செல்லப்பிள்ளை.

காலையில் பால். மதியம் தயிர் சோறு. ராத்திரி பால் சோறு. 3 வருடமாக மணிக்கு இதுதான் சாப்பாடு.

ஒருநாள் மணி ஸ்டூலில் முட்டிக் கொண்டது. மறுநாள் கதவில் முட்டியது. பட்டப்பகலிலும் கண்ணின் கருமணி விரிந்தே கிடந்தது. பதறிப்போன தம்பதி, மணியைக் கூடையில் வைத்து கால்நடை டாக்டரிடம் ஓடினார்கள்.

"அதுக்கு என்ன குறை வச்சோம் டாக்டர்? நாங்க சாப்பிடறதைத்தானே அதுக்கும் போட்டோம்!" என்று அந்த அம்மாள் கண் கலங்கினார்.

"அதுதாம்மா தப்பாப் போச்சு" என்றார் டாக்டர்.

எலி செய்த உதவி

அந்தக் காலத்துப் பூனையும் பால் சோறுதானே தின்றது? அதற்குக் கண் போகவில்லையே?

நியாயமான கேள்விதான். ஆனால் ஓட்டு வீட்டுப் பூனை பால் சோற்றைத் தின்றுவிட்டு, ராத்திரி பரணில் ஏறி எலி பிடித்தது. கொல்லையில் ஓணான், குருவி என்று வேட்டை ஆடியது. பால் சோற்றில் இல்லாத சத்தை எலி கொடுத்தது. பெயர் மட்டும் பால் சோற்றுக்கு!

மூன்றாவது மாடியில், ஜன்னலுக்கு வலை அடித்த வீட்டில், பூனை எலிக்கு எங்கே போகும்?

"டாரின்" என்ற சத்து

பூனை பிறவியிலேயே மாமிசம் தின்னும் பிராணி. நாய் சோற்றை வைத்துச் சமாளித்துவிடும். பூனையால் முடியாது. "டாரின்" என்ற சத்து அதற்குக் கட்டாயம் தேவை. மீனிலும் இறைச்சியிலும் அது உண்டு. அரிசி, பருப்பு, காய்கறியில் கிடையாது. பசும்பாலில் இருப்பது போதாது.

டாரின் குறைந்தால் விழித்திரை கெட்டுவிடும். இதயம் விரிந்து பலவீனமாகும். இதயக் கோளாறுக்கு இதுதான் காரணம் என்று 1987-ல் அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழக கால்நடை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். அப்போது டப்பா உணவு தின்ற பூனைகளுக்கே அந்த நோய் வந்தது. அதன் பிறகுதான் கம்பெனிகள் டாரினைக் கூடுதலாகச் சேர்த்தன.

டாரின் கொடுத்தால் இதயம் பெரும்பாலும் தேறிவிடும். போன பார்வை திரும்பாது.

எதைக் கொடுக்கலாம்?

பாக்கெட் உணவு வாங்கினால், "பூனைக்கான முழு உணவு" என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாய் உணவு விலை மலிவு என்று அதை வாங்கிப் போடக்கூடாது. அதில் பூனைக்குத் தேவையான டாரின் இருக்காது.

மீன், கோழி கொடுத்தால் உப்பு, காரம் இல்லாமல் வேக வைத்து, முள்ளும் எலும்பும் எடுத்துவிட வேண்டும். வெந்த தண்ணீரைக் கொட்டக்கூடாது. டாரின் அதில் இறங்கி இருக்கும். சில பச்சை மீன்களில் பி-1 வைட்டமினை அழிக்கும் பொருள் உண்டு. வேக வைத்தால் அது போய்விடும். ஆனால் மீன் மட்டுமே கொடுத்தாலும் சத்து முழுமை ஆகாது.

மிச்சம் ஆன மீன் குழம்புச் சோறா? கூடவே கூடாது! வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். திராட்சை, சாக்லேட்டும் ஆபத்து. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போகும்.

லட்டு கொடுத்துக் கொஞ்சுவதும் வீண். பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது! தின்பண்டம் எதுவானாலும் ஒருநாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் உடம்பு பெருத்துவிடும்.

உலர்ந்த பாக்கெட் உணவு போடும் வீட்டில் தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லையா? விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உயிருக்கே ஆபத்து. உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

புது உணவை ஒரே நாளில் மாற்றக்கூடாது. பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரத்தில் மாற்ற வேண்டும். இரண்டு நாள் பட்டினி கிடந்தால் பூனைக்கு ஈரல் கெட்டுவிடக்கூடும்.

"நம்ம ஆசாரம் நமக்கு"

மணியின் வீட்டில் மாமிசம் சமைப்பது இல்லை. இப்போது கணவரே கடைக்குப் போய் பாக்கெட் வாங்கி வருகிறார். முதலில் அவர் தயங்கினாராம்.

"நம்ம ஆசாரம் நமக்குன்னா. வாயில்லா ஜீவனுக்கு அது எதுக்கு?" என்று மனைவிதான் அனுப்பி வைத்தார்.

அந்த வீட்டில் ஸ்டூலை இப்போது யாரும் இடம் மாற்றி வைப்பது இல்லை. தட்டு இருக்கும் மூலைக்கு மணி தானாகவே நடந்து வந்துவிடுகிறது.