தொழிலை வகுத்தறிதல்

பலவாகக் கலந்து கிடக்கும் பொருள்களை இனம் பிரித்துக் காண்பது அறிவின் முதற்படியாகும். நம் முன்னோர் இக்கலையில் நன்கு தேர்ந்திருந்தனர். தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக வகுத்தார். நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பகுத்து, அந்தந்த நிலத்து மக்களின் தொழிலையும் அந்நிலத்திற்குரிய கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணினார். வயலைக் கண்டால் உழவையும், கடற்கரையைக் கண்டால் மீன்பிடித்தலையும் கூறிவிடலாம். நிலத்தைக் கொண்டே தொழிலை அறியத்தக்க காலம் அது.

இக்காலத்தில் அது எளிதன்று. ஒரே ஊரில், ஒரே நிறுவனத்தின் மதிலுக்குள், பல தொழில்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆண்டுதோறும் புதிய தொழில்நுட்பங்களும் வந்து சேர்கின்றன. அவற்றை எவ்வாறு வகுப்பது? வகுப்பதனால் வரும் பயன் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண நெய்வேலியைப் போன்ற நல்லதோர் ஊர் வேறில்லை.

நெய்வேலி கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திற்கும் பண்ணுருட்டிக்கும் இடையே உள்ளது. முன்னாளில் அப்பகுதி செம்மண் நிலமாகவும் முந்திரித் தோப்பாகவும் விளங்கியது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் ஆழ்கிணறு தோண்டினார். நீரோடு கரிய துகள்களும் வெளிப்பட்டன. அக்கரிய பொருளே பழுப்பு நிலக்கரி. 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ஆம் ஆண்டு கரிப்படுகை வெளிச்சம் கண்டது. மறு ஆண்டே, சோவியத்து நாட்டின் உதவியால் எழுந்த அனல்மின் நிலையத்தில் மின்சாரம் பிறந்தது.

நெய்வேலியைத் திட்டமிட்டவர்கள் கரியை மட்டும் கருதவில்லை. கரியை எரித்து மின்சாரம் எடுப்பது ஒன்று. கரியிலிருந்து யூரியா உரம் ஆக்குவது மற்றொன்று. கரியைக் கட்டிகளாக அழுத்திச் சுட்டு, புகை குறைந்த அடுப்பெரிபொருளாக்குவது பிறிதொன்று. அக்கட்டிகளே லெக்கோ என்னும் பெயரால் தமிழகத்து வீடுகளில் எரிந்தன. கரியின் மேலுள்ள மண்ணோடு வெளிப்பட்ட வெண்களிமண்ணைக் கழுவித் தூய்மை செய்யும் ஆலையும் அமைந்தது. கரிப்படுகையின் கீழே ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு நிற்கின்றது. அதனை இடையறாது இறைத்தாலன்றிச் சுரங்கம் மூழ்கிவிடும். ஆதலின் நீர் இறைத்தலும் அங்கே பெரும்பணியாயிற்று. தொழிலாளர் வாழ நகரியமும், அவர்தம் மக்கள் பயிலப் பள்ளிகளும், நோய் தீர்க்க மருத்துவமனையும் எழுந்தன.

இப்பொழுது ஒரு வினா எழுகின்றது. நெய்வேலியில் நடப்பது என்ன தொழில்? சுரங்கத் தொழில் என்பார் ஒருவர். மின் தொழில் என்பார் மற்றொருவர். இரண்டும் குறைபட்ட விடைகளே.

இத்தகைய ஐயங்களைத் தீர்ப்பதற்காகவே தொழில் வகைப்பாடு என்னும் முறை தோன்றியது. ஐக்கிய நாடுகள் அவை 1948-ஆம் ஆண்டில் எல்லா நாடுகளுக்கும் பொதுவான வகைப்பாடு ஒன்றை ஏற்றது. இந்தியா 1962-ஆம் ஆண்டில் தனக்கென ஒன்றை வகுத்து, 1970, 1987, 1998, 2004, 2008 ஆகிய ஆண்டுகளில் அதனைத் திருத்தியமைத்தது. 2008-ஆம் ஆண்டுத் தேசியத் தொழில் வகைப்பாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் எண் உண்டு. நெய்வேலியின் பணிகளை அதிற் பொருத்திக் காண்போம். நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் வெட்டுதல் 05, களிமண் எடுத்தல் 08, எரிகட்டி செய்தல் 19, உரம் முதலிய இரசாயனப் பொருள் ஆக்கல் 20, மின்சாரம் 35, கல்வி 85, மருத்துவம் 86. ஓர் ஊரின் தொழில்கள் இத்தனை எண்களில் விரிகின்றன.

இவ்வகைப்பாட்டின் அடிப்படை விதி ஒன்றை மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். ஒரு பணியை அதன் உரிமையாளரைக் கொண்டோ, பயன்படும் பொறியைக் கொண்டோ வகுப்பதில்லை. அங்கே என்ன செய்யப்படுகிறது என்பதைக் கொண்டே வகுக்கின்றனர். ஓரிடத்தில் பல பணிகள் நடப்பின், எப்பணியால் மதிப்பு மிகுதியாகக் கூடுகின்றதோ அப்பணியின் எண்ணையே அவ்விடத்திற்கு இடுகின்றனர். ஆகவே எதனை ஓர் அலகாகக் கொள்வது என்பது இன்றியமையாத கேள்வியாகும். நிறுவனம் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு, மின்சாரமே அதன் தலைமைப் பணி என்று எழுதிவிட்டால், சுரங்கமும் அதில் உழைப்போரும் கணக்கேட்டில் மறைந்து போவர். சுரங்கத்தின் கரியிற் பெரும்பகுதி சந்தைக்குச் செல்வதில்லை. ஓடுபட்டையின் மேலேறி நேரே மின் நிலையத்திற்குச் செல்கின்றது. விற்பனை கண்ணுக்குத் தெரியாவிடினும், சுரங்கத்தைத் தனி அலகாகக் கொண்டு கரிக்கு ஒரு விலை குறித்தாலன்றி உண்மை விளங்காது.

இனிப் புதிய தொழில்நுட்பங்களைக் காண்போம். உர ஆலையும் எரிகட்டி ஆலையும் பிற்காலத்தில் மூடப்பட்டன. 600 மெகாவாட் ஆற்றலுடைய முதல் அனல்மின் நிலையம் 2020-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது. புதிய அனல்மின் நிலையம் அதன் இடத்தை ஏற்றது. நெய்வேலியில் 10 மெகாவாட் ஆற்றலுடைய கதிரொளி மின் நிலையம் 2015-ஆம் ஆண்டில் அமைந்தது. பின்னர் அப்பணி மேலும் விரிவடைந்தது. நிறுவனத்தின் பெயரும் 2016-ஆம் ஆண்டில் என்.எல்.சி. இந்தியா என மாறிற்று.

கதிரொளி மின்சாரம் எத்தொழிலைச் சேர்ந்தது? வகைப்பாட்டில் 35105 என்னும் எண் அதற்கு உண்டு. ஆயினும் அவ்வெண் மின்சாரம் எடுக்கும் பணியை மட்டுமே குறிக்கும். ஒளியை மின்னாக்கும் தகட்டைச் செய்யும் ஆலை, மின்னணுப் பொருள்களுக்குரிய 26-இல் அடங்கும். நிலையத்தைக் கட்டும் பணி கட்டுமானத்திற்குரிய 42-இல் அடங்கும். தொழில்நுட்பம் ஒன்று, தொழில்களோ மூன்று. தகடு வேறு நாட்டிலிருந்து வருமாயின், முதற்பகுதியின் ஊதியமும் வேலையும் அந்நாட்டைச் சேரும். கட்டும் வேலை சில திங்களில் முடியும். பின்னர்க் காவலும் தூய்மையும் பழுதுபார்த்தலுமே எஞ்சும். ‘கதிரொளித் தொழில்’ என்று ஒரே சொல்லால் குறித்துவிட்டால் இவ்வேறுபாடுகள் ஒன்றும் புலப்படா.

சாம்பலின் கதையும் இத்தகையதே. அனல்மின் நிலையத்திலிருந்து வெளிப்படும் சாம்பல் நெடுங்காலம் கழிவாகக் கொட்டப்பட்டது. 1999-ஆம் ஆண்டில் நடுவண் அரசு, அதனைச் செங்கல் முதலிய கட்டடப் பொருள்களில் பயன்படுத்துமாறு ஆணை பிறப்பித்தது. அன்று முதல் 35-ஆம் எண்ணின் கழிவு 23-ஆம் எண்ணின் மூலப்பொருளாயிற்று. அனல்மின் நிலையம் ஓய்ந்தால் சாம்பற்கல் செய்வோரின் தொழிலும் தளரும். இத்தொடர்பைக் கண்டறிவதே பொருளாதார விளைவை ஆராய்வோரின் கடமை.

இவ்வாராய்ச்சிக்கு உரிய கருவியை உருவாக்கியவர் இரசிய நாட்டில் வளர்ந்து அமெரிக்காவில் பணியாற்றிய வாசிலி லியோன்டியெப் என்னும் பேரறிஞர். அவர் 1936-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை உள்ளீடு வெளியீட்டு அட்டவணை எனப்படும். அதற்காக 1973-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அது சதுரங்கப் பலகை போன்றது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வரிசையும் ஒரு நிரலும் உண்டு. ஒரு தொழில் மற்றத் தொழில்களிடம் எவ்வளவு வாங்குகின்றது என்பதை நிரலில் காணலாம். எவ்வளவு விற்கின்றது என்பதை வரிசையில் காணலாம். ஒரு தொழில் வளர்ந்தால் எவையெவை உடன் வளரும், தேய்ந்தால் எவையெவை தேயும் என்பதை அதனால் கணிக்கலாம்.

ஆனால் கட்டங்கள் சரியாக வகுக்கப்படாவிடின் விடையும் பிழைபடும். 2007-08-ஆம் ஆண்டிற்குரிய இந்திய அட்டவணை 130 துறைகளைக் கொண்டது. அதில் மின்சாரம் முழுவதும் ஒரே துறை. கரியில் பிறந்த மின்சாரமும் கதிரொளியில் பிறந்த மின்சாரமும் அங்கே ஒரே கட்டத்தில் கலந்து கிடக்கும். இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். கரியால் 100 ரூபாய் மின்சாரம் எடுக்க 40 ரூபாய்க் கரி வேண்டும் எனவும், கதிரொளிக்குக் கரியே வேண்டா எனவும், இரண்டும் சரிபாதியாக உள்ளன எனவும் கொள்வோம். கலந்த கட்டம், எந்த மின்சாரமாயினும் 100 ரூபாய்க்கு 20 ரூபாய்க் கரி வேண்டும் என்றே கூறும். நாளை 100 ரூபாய் அளவுக்குக் கரி மின்சாரம் நின்று, அதே அளவு கதிரொளி மின்சாரம் வருமாயின், மொத்த மின்சாரம் மாறாமையால் சுரங்கத்திற்கு யாதொரு குறையும் இல்லை என்று அட்டவணை கூறும். உண்மையிலோ 40 ரூபாய் அளவிற்குச் சுரங்கத்தின் வேலை குன்றியிருக்கும்.

காகிதத்தில் இது சிறு பிழை. ஊரிலோ பெரும் பிழை. அகழ்பொறியை இயக்குபவர், ஒப்பந்தத் தொழிலாளர், அவர்களை நம்பிக் கடை வைத்திருப்போர், சுரங்கத்திற்காகத் தம் விளைநிலத்தைக் கொடுத்த சிற்றூர் மக்கள் ஆகிய எல்லாரும் அந்த 40 ரூபாய்க்குள் அடங்கியுள்ளனர். எவ்வளவு பேருக்குப் புதிய பயிற்சி வேண்டும், எந்த ஊருக்கு மாற்றுத் தொழில் வேண்டும் என்று அரசு முன்கூட்டியே அறிய வேண்டுமானால், கரி மின்சாரமும் கதிரொளி மின்சாரமும் வெவ்வேறு கட்டங்களில் நிற்றல் வேண்டும்.

அவ்வாறாயின், புதிய நுட்பம் தோன்றுந்தோறும் வகைப்பாட்டை மாற்றிவிடலாமா? அதுவும் தகாது. அளவுகோலை ஆண்டுதோறும் மாற்றினால் சென்ற ஆண்டோடு இந்த ஆண்டை ஒப்பிட இயலாது. ஆதலின் அறிஞர் இரு வழிகளைக் கைக்கொள்கின்றனர். அட்டவணையில் கலந்திருக்கும் துறையை ஆராய்ச்சிக்காகப் பிரித்துக்கொள்வது ஒரு வழி. பல எண்களில் சிதறிக் கிடக்கும் பணிகளைத் திரட்டித் துணைக் கணக்கு ஒன்று எழுதுவது மற்றொரு வழி. உணவு விடுதியிலும் ஊர்தியிலும் அங்காடியிலும் சிதறியுள்ள சுற்றுலாத் தொழிலை உலக நாடுகள் இவ்வாறே அளக்கின்றன. கதிரொளித் தொழிலையும் அம்முறையில் அளக்கலாம்.

மாணவர்களே! நும் ஊரிலும் புதிய தொழில் ஒன்று தோன்றலாம். அதன் பெயரைக் கேட்ட அளவில் மகிழவோ அஞ்சவோ வேண்டா. அங்கே என்ன செய்யப்படுகிறது, யாரிடம் எதை வாங்குகின்றது, யாருக்கு எதை விற்கின்றது, அது வருவதனால் எத்தொழில் தளர்கின்றது என்று கேளுங்கள். இந்நான்கு வினாக்களுக்கும் விடை கண்டபின் அதற்குரிய கட்டம் தானே புலப்படும். அக்கட்டத்தில் எழுதப்படும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் மாந்தர் சிலரின் வாழ்வு நிற்கின்றது. அதனை மறவாது வகுப்பவரே நல்ல கணக்கர் ஆவர்.