பைலட்டுக்கும் உண்டு ஜாப் ஒர்க்!

திருப்பூர் பி.என். ரோட்டில் ஒரு பேக்கரி. டீ வருவதற்குள் டி.வி.யில் ‘சூரரைப் போற்று’ ஓட ஆரம்பிச்சிடுச்சு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பி.காம். தம்பிக்கு திடீர்னு ஒரு டவுட்.

“ஏனுங்ண்ணா, இந்தப் படத்துக்கு மூலமான கேப்டன் கோபிநாத் 1997-ல ஹெலிகாப்டரை வாடகைக்கு விட்டுத்தானே பிசினஸை ஆரம்பிச்சாரு? இப்படி ஒண்ணு ரெண்டு ஃப்ளைட் மட்டும் வச்சிருக்கிற கம்பெனிக்கு பைலட் ட்ரெயினிங் எங்க நடக்கும்? ஆளுக்கொரு ஸ்கூல் கட்டி வச்சிருப்பாங்களா?”

“உங்கப்பா கம்பெனியில காம்பாக்டிங் மெஷின் இருக்கா?”

“இல்லீங்ண்ணா. வெளியிலதான் குடுக்கறோம்.”

“டையிங்? எம்பிராய்டரி?”

“எல்லாமே ஜாப் ஒர்க்தானுங்ண்ணா.”

மேட்டர் முடிஞ்சுது பாஸ்! திருப்பூர்க்காரங்களுக்கு இதை விளக்க வேற உதாரணமே வேணாம். நூல் ஒரு இடத்தில், நிட்டிங் ஒரு இடத்தில், சாயம் இன்னொரு இடத்தில், தையல் பவர் டேபிளில். எல்லா மெஷினையும் ஒரே ஆள் வாங்கிப் போட்டால் கடன்தான் மிஞ்சும். சார்ட்டர் விமானக் கம்பெனிகளும் இதே கணக்குதான் போடுறாங்க. விமானம் அவங்களோடது, பைலட் அவங்களோட ஆள். பயிற்சி மட்டும் வெளியில், அங்கீகாரம் பெற்ற சிமுலேட்டர் மையத்தில்.

ஏன்னா சிமுலேட்டர் விலை அப்படி! விமானத்தின் மூக்கை மட்டும் வெட்டி எடுத்து ஆறு கால் மேல் நிற்க வச்ச மாதிரி இருக்கும். உள்ளே நிஜ காக்பிட், வெளியே கம்ப்யூட்டர் காட்டும் ரன்வே, மழை, இருட்டு. ‘லெவல் டி’ங்கிற உயர்ந்த தரத்தில் ஒண்ணு வாங்கணும்னா ஒரு கோடி டாலரைத் தொடும், தாண்டவும் செய்யும். ஒரு செகண்ட் ஹேண்ட் ‘கிங் ஏர்’ விமானமே அதைவிடக் கம்மி விலைக்குக் கிடைக்கும். ரெண்டு விமானம் வச்சிருக்கிற கம்பெனி இதை வாங்கி வருஷத்துக்கு எத்தனை நாள் ஓட்டும்?

இந்த மெஷினோட தாத்தா கதை செம சுவாரஸ்யம். அமெரிக்காவில் எட்வின் லிங்க்னு ஒருத்தர். அப்பாவுக்கு பியானோ, ஆர்கன் செய்யும் ஃபேக்டரி. ஆர்கனில் காத்து அடிக்கிற துருத்தி இருக்கில்லையா, அதை வச்சே ஆடி அசையுற ஒரு பொம்மை விமானத்தை 1929 வாக்கில் செஞ்சு முடிச்சார். வாங்கினது யாரு தெரியுமா? பொருட்காட்சிக்காரங்க! பசங்க காசு போட்டு ஏறி ஆடினாங்க. 1934-ல் அமெரிக்க ராணுவம் தபால் விமானம் ஓட்டப்போய், மோசமான வானிலையில் சில வாரத்திலேயே பல பைலட்டுகளைப் பறிகொடுத்தது. அதுக்கப்புறம்தான் ராணுவம் லிங்க்கைத் தேடி வந்து, ஒண்ணு 3,500 டாலர்னு ஆறு மெஷின் வாங்கியது.

அதையே ‘ஜாப் ஒர்க்’ பிசினஸா மாத்தினவர் ஆல் யூல்ஷி. பான் ஆம் கம்பெனி பைலட். பெரிய கம்பெனி முதலாளிகளோட சொந்த விமானங்களை ஓட்டுறவங்க பலருக்கும் அந்தந்த விமானத்துக்கான முறையான பயிற்சி இல்லைங்கிறதைக் கவனிச்சார். 1951-ல் ‘ஃப்ளைட் சேஃப்டி’ங்கிற பயிற்சி கம்பெனியை ஆரம்பிச்சார். ஆனால் பான் ஆம் வேலையை மட்டும் 1968 வரைக்கும் விடலை. உஷார் பார்ட்டி! 1996-ல் அந்தக் கம்பெனியை வாங்கியது வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே.

“சரிங்ண்ணா, அதான் நிஜ விமானம் இருக்கே... அதுலயே ஓட்டிப் பழகக் கூடாதா?”

பழகினாங்க தம்பி. 1994 மார்ச் 8, டெல்லி ஏர்போர்ட். சஹாரா நிறுவனத்தின் போயிங் 737. பயணிகள் இல்லை. ஒரு பயிற்றுநர், மூணு பயிற்சி பைலட்டுகள். ஒரு இன்ஜின் நின்னு போனா எப்படிச் சமாளிக்கிறதுன்னு நிஜ விமானத்திலேயே ஒத்திகை. தப்பான பக்கம் ரட்டரை மிதிச்சதில் விமானம் கவிழ்ந்து, நின்னுக்கிட்டிருந்த ரஷ்ய விமானத்தின் மேல் விழுந்தது. தரையில் இருந்தவங்களையும் சேர்த்து ஒன்பது பேர் போயிட்டாங்க.

அதே தப்பை சிமுலேட்டரில் செஞ்சால்? ஸ்க்ரீன் உறைஞ்சு நிற்கும். பயிற்றுநர் ஒரு பட்டனைத் தட்டுவார், மறுபடி ரன்வே தொடக்கத்தில் நிற்பீங்க. இன்ஜினில் தீ, காற்று திடீர்னு திசை மாறுவது, சக்கரம் இறங்காமல் அடம்பிடிப்பது என ஒரு பைலட் வாழ்நாள் முழுக்க சந்திக்காத கண்டம் எல்லாம் நாலு மணி நேரத்துக்குள் வந்து போகும். வெளியே வரும்போது சட்டை நனைஞ்சிருக்கும்னு பைலட்டுகள் சொல்வாங்க. இதை ஒருதரம் பாஸ் பண்ணினா போதாது. குறிப்பிட்ட இடைவெளியில், பெரும்பாலும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா, மறுபடி போய் உட்காரணும்.

இந்தியாவில் இது எங்கே நடக்குது? கிரேட்டர் நொய்டாவில் கனடாவின் சி.ஏ.இ. நிறுவனமும் இண்டிகோவின் இன்டர்குளோபும் கூட்டாக நடத்தும் மையம் இருக்கு. குர்கானில் எஃப்.எஸ்.டி.சி. இருக்கு. ஹெலிகாப்டருக்கு பெங்களூரில் ஹெச்.ஏ.எல்.லும் சி.ஏ.இ.யும் சேர்ந்து தொடங்கிய ஹாட்ஸாஃப். ஆனா இந்தியாவில் இருக்கும் விமான சிமுலேட்டர்களில் பெரும்பாலானவை ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி பெரிய விமானங்களுக்கானவை. சின்ன பிசினஸ் ஜெட் ஓட்டுறவங்க பலரும் துபாய்க்கோ அமெரிக்காவின் விச்சிட்டாவுக்கோ ஃப்ளைட் ஏறணும். விமானம் ஓட்டக் கத்துக்க விமானத்தில் பயணியா போறது... நல்ல காமெடிதான்.

வாடகையிலும் ரெண்டு வகை உண்டு. ‘ட்ரை’ன்னா சிமுலேட்டர் மட்டும் வாடகைக்கு, சொல்லிக்கொடுக்கிறவர் நம்ம ஆள். நூலை நாமே கொடுத்து நிட்டிங் கூலி மட்டும் தர்ற மாதிரி. ‘வெட்’ன்னா பயிற்றுநரும் அவங்களோட ஆளே.

இங்கேதான் எனக்கு ஒரு உறுத்தல். வெளி மையத்தில் சொல்லித்தருவது பொதுவான பாடம். நம்ம கம்பெனி விமானத்தில் பழைய முள் மீட்டர் இருக்கும், அங்கே சிமுலேட்டரில் பளபள ஸ்க்ரீன் இருக்கும். அவசரத்தில் கை எங்கே போகும்? அங்கே பழகுவது துபாய் ரன்வே. இங்கே இறங்க வேண்டியதோ யாரோ ஒரு வி.ஐ.பி.யின் கல்யாணத்துக்காக, விளக்கு கூட சரியா இல்லாத ஒரு சின்ன ஓடுதளம். இந்த இடைவெளியைக் கம்பெனிதான் தனி வகுப்பு எடுத்து அடைக்கணும். சர்ட்டிஃபிகேட் வந்தாச்சேன்னு ஃபைலில் சொருகிட்டா ஆபத்து.

தம்பிகிட்ட கேட்டேன். “டையிங்ல ஷேடு மாறி வந்தா பையர் யாரைப் பிடிப்பான்?”

“எங்களைத்தானுங்ண்ணா. டையிங்காரர் பேரே அவனுக்குத் தெரியாது.”

விமானத்திலும் பயணி பிடிப்பது கம்பெனியைத்தான். டி.ஜி.சி.ஏ. பிடிப்பதும் கம்பெனியைத்தான். சாட்சி வேணுமா? இண்டிகோ மாதிரி பெரிய கம்பெனிக்கே 2025-ல் 20 லட்சம் ரூபாய் அபராதம் விதிச்சாங்க. இறங்கக் கஷ்டமான சில விமான நிலையங்களுக்கான பயிற்சியை அதற்குத் தகுதி பெறாத சிமுலேட்டர்களில் கொடுத்ததா குற்றச்சாட்டு. அந்த உத்தரவை எதிர்த்து முறையிடப் போவதா இண்டிகோ சொன்னது. நம்ம ஊருக்குப் பக்கத்து கோழிக்கோடும் அந்தக் கஷ்டமான பட்டியலில் உள்ள மலை உச்சி ரன்வேதான். 2020 ஆகஸ்டில் அங்கே நடந்த விபத்தை மறந்திருக்க மாட்டீங்க. ஆக, சிமுலேட்டர் இருந்தால் மட்டும் போதாது. எந்த விமானத்துக்கு, எந்தப் பயிற்சிக்கு அது தகுதி பெற்றிருக்குன்னு காகிதத்தைப் பார்க்கணும்.

“நானும் பைலட் ஆகலாமுங்களா?” தம்பி மெதுவாகக் கேட்டான்.

ஆகலாம். ஆனா கணக்கைக் கேட்டுக்கோ. 200 மணி நேரம் பறந்து கமர்ஷியல் லைசென்ஸ் எடுக்கவே அரைக் கோடி ரூபாயை ஒட்டிச் செலவாகும். அதுக்கு மேல் ஒவ்வொரு விமான ரகத்துக்கும் ‘டைப் ரேட்டிங்’. இதுதான் அந்த சிமுலேட்டர் பயிற்சி, இன்னும் பல லட்சம். சில கம்பெனி செலவை ஏத்துக்கிட்டு பாண்ட் எழுதி வாங்கும், சில கம்பெனி “நீயே முடிச்சுட்டு வா”ன்னு சொல்லும். வேலை உறுதி ஆகாமல், ஏதோ ஒரு ரகத்துக்குக் கடன் வாங்கி டைப் ரேட்டிங் முடிச்சுட்டு, அந்த ரகத்துக்கு ஆளெடுக்கும்போது கூப்பிடுவாங்கன்னு காத்திருக்கும் பசங்க இருக்காங்க. தோட்டத்தை அடமானம் வைக்கும் முன் இதை அப்பாகிட்ட விளக்கமா சொல்லிடு.

இன்னொண்ணு. ஃபீஸ் கட்டும் முன் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த டாக்டரிடம் மெடிக்கல் முடிச்சுடு. கண்ணாடி போட்டிருந்தா பிரச்னை இல்லை, போட்ட பிறகு பார்வை சரியா இருந்தா போதும். நிறம் பிரிச்சுப் பார்க்கத் தெரியணும்.

“அதுல நான் பாஸுங்ண்ணா” என்றான் தம்பி. “ரெண்டு வருஷமா லீவுல எங்க கம்பெனில ஷேடு செக்கிங் பண்றதே நான்தான்!”