மூக்கு சர்ட்டிபிகேட் செல்லாது!

ஒரகடம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கி ஃபேக்டரி வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் 'நறுக்கல் தினம்'. நாலு பேர் சேர்ந்து ஒரு வாரத்துக் காயை மளமளவென்று நறுக்கி, டப்பா டப்பாவாக ஃப்ரிஜ்ஜில் அடைத்துவிடுகிறார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்து பீன்ஸ் ஆய யாரால் முடியும், சொல்லுங்கள்!

வம்பு ஆரம்பிப்பது வியாழக்கிழமை. எனக்குத் தெரிந்த ஒரு ரூமில், டப்பாவைத் திறந்ததும் மூன்று நீதிபதிகள் கூடிவிடுவார்கள். ஒருத்தி உற்று உற்றுப் பார்ப்பாள். இன்னொருத்தி மோந்து பார்ப்பாள். மூன்றாமவள், "விடுங்கக்கா... நல்லாக் கொதிக்க வெச்சா எல்லாக் கிருமியும் செத்துடும்!" என்று தீர்ப்பே எழுதிவிடுவாள்.

மூன்றிலுமே நியாயம் உண்டு. ஆனால், பாதி நியாயம்!

முதலில் கண். நறுக்கின கேரட் வெளுத்திருந்தால் ஈரம் உலர்ந்திருக்கிறது, அவ்வளவே. கத்திரிக்காய் கறுப்பது காற்று பட்டதால். தாராளமாகச் சமைக்கலாம். ஆனால் தொட்டால் வழவழப்பு, பூஞ்சை, அடியில் கலங்கின தண்ணீர், உப்பிப்போன பாக்கெட் என்றால் யோசிக்காதீர்கள்... குப்பைக்கூடைதான்!

அடுத்தது மூக்கு. வாடை கிளப்புவது காயை அழுக வைக்கிற கிருமி. ஆளைப் படுக்க வைக்கிற சால்மோனெல்லா, ஈ.கோலை வகையறாவெல்லாம் வாசனையே காட்டாமல் உட்கார்ந்திருக்கும். 2024 அக்டோபரில் அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் பர்கர் விவகாரம் கிளம்பியதே, அதில் விசாரணை கைகாட்டியது நறுக்கின பச்சை வெங்காயத்தை! 104 பேருக்கு ஈ.கோலை பாதிப்பு, ஓர் உயிரும் போனது.

சரி, அடுப்பு? நன்றாக வெந்தால் இந்தக் கிருமிகள் சாகும், நிஜம். ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் மாதிரி சிலது சாகும் முன்பே விஷத்தைக் கக்கி வைத்துவிடும். அந்த விஷம் கொதிக்கிற சாம்பாருக்கும் மசியாது. தவிர, தயிர்ப்பச்சடி வெங்காயம் அடுப்பையே பார்ப்பதில்லையே!

ஆகவே நாலாவது நீதிபதி தேவை. அவர் பெயர் கடிகாரம்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். நறுக்கின காய் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். ஃப்ரிஜ் கிருமியைக் கொல்லாது, சோம்பேறி ஆக்கும். அதனால் 3 நாளுக்குள் சமைத்துவிடுங்கள். கரண்ட் போனால், கதவைத் திறக்காத ஃப்ரிஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும். 'பார்த்துட்டு மூடிடறேன்' என்று திறந்தீர்களோ, போச்சு!

நான் பி.காம். ஸ்டோர் ரூமில் 'முதலில் வந்தது முதலில் போகணும்' என்று படித்ததை டப்பாவுக்கும் சொல்கிறேன். மூடியில் ஒரு துண்டு பேப்பர் ஒட்டித் தேதி எழுதுங்கள். சந்தேகம் வந்தால், கால் கிலோ பீன்ஸ் நஷ்டமா, வயிற்றுப்போக்கில் படுத்து ஒருநாள் சம்பளம் நஷ்டமா என்று கணக்குப் போடுங்கள்.

ரூமில் சமைப்பவர்களாவது டப்பாவைத் தூக்கி எறியலாம். மெஸ்ஸில் தட்டு நீட்டுபவர்களுக்கு? 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே காய்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சமையலறையில் எலியும் மோசமான வடிகாலும் இருந்ததை அதிகாரிகள் கண்டார்கள். பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் ஊரே திரும்பிப் பார்த்தது. மூடிய ஆலை 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது.

தட்டுக்கு வருகிற சாப்பாடு எந்தக் கத்தியில், எப்போது நறுக்கியது என்று சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. சமைப்பவருக்குத் தெரியும். அதனால் ஹாஸ்டல் தங்கச்சிகளே, கூச்சப்படாமல் கேளுங்கள்... "அண்ணே, இந்தக் காயை எப்ப நறுக்கினீங்க?"

அவர் முறைத்தால் முறைக்கட்டும். பதில் வரவில்லை என்றால், அன்றைக்கு மோர் சாதம் போதும்!