வேங்கடமலைச் செடிகளை அறிவோம்

திருப்பதி, சித்தூர்ப் பகுதிகளில் பிழைப்பின் பொருட்டுக் குடியேறிய நம்மவர்க்கு வேங்கடமலை அயலானதன்று. தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிப்பது இம்மலையையே. ஆயினும், அலிபிரிப் படிகளில் ஏறும் நம்முள் எத்தனை பேர் வழியோரச் செடிகளுள் நான்கையேனும் இனங்கண்டு சொல்ல வல்லோம்?

மழைக்காலத்தில் ஈரப் பாறையிற் படர்வன யாவற்றையும் 'பாசி' என்று ஒரே பெயரால் அழைக்கின்றோம். அவற்றுள் இரு குலங்களைப் பிரித்தறிதல் நலம். மெல்லிய தண்டைச் சுற்றி நுண்ணிலைகள் நின்று, பச்சைக் கம்பளம் போல் தோன்றுவது பாசிச்செடி. தண்டு, இலை என்னும் பிரிவின்றி, நாடா போல் பாறையோடு ஒட்டிக் கிளைப்பது ஈரற்செடி. ஈரலின் மடலை ஒத்திருத்தலின் அப்பெயர் பெற்றது. ஈரற்செடிகளுள் இலையுடையனவும் உண்டு, அவற்றின் இலைகள் இரு வரிசையாய்த் தட்டையாகக் கிடக்கும், நடுநரம்பு இராது. பூதக்கண்ணாடி ஒன்றிருப்பின் சிறுவரும் இவ்வேறுபாட்டைக் காண்பர். கோடையில் கருகியது போன்ற பாசிமேல் சில துளி நீர் தெளித்தால், பெரும்பாலும் அது மீண்டும் விரியும்.

சற்று உயரே, ஈச்சமரம் போன்ற சிறு மரம் ஒன்றைக் காணலாம். அது ஈச்சையன்று, சைக்கஸ் இனத்தது. இலைக்கூறுகள் ஒடுங்கி, ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருத்தல் அதன் அடையாளம். ஆந்திரத்தின் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாய் வளராத இதற்கு, சென்னை மாகாணக் காட்டிலாகாவிற் பணியாற்றிய பெத்தோம் என்பாரின் பெயர் இடப்பட்டுள்ளது.

இனிச் செம்மரம். வேங்கையும் இதுவும் ஓரினம். வேங்கையின் ஒரு காம்பில் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் இருக்கும். செம்மரத்திற்குப் பெரும்பாலும் மூன்றே. முதிர்ந்த பட்டை முதலைத்தோல் போல் வெடித்திருக்கும். செந்நிற வைரம் உள்ளே மறைந்துள்ளது. அதன் விலையே இம்மரத்திற்குப் பகையாயிற்று.

மனிதர்க்கும் அது பகையாயிற்று. 2015 ஏப்ரல் 7 அன்று, செம்மரம் வெட்ட வந்தோர் எனக் கூறப்பட்ட தமிழ்த் தொழிலாளர் 20 பேர் இம்மலைக்காட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். மலையில் மரம் வெட்ட மிகுந்த கூலி என்று தரகர் எவரேனும் அழைப்பின் செல்லற்க என, ஊரிலுள்ள உறவினர்க்கு எழுதுதல் நம் கடமையாகும்.

இம்மலைக்காடு 1989இல் தேசியப் பூங்காவாயிற்று; 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் அமைந்தது. ஆதலின் செடி எதனையும் பறித்தல் ஆகாது. குறிப்பேடும் பூதக்கண்ணாடியும் கொண்டு, குழந்தைகளுடன் படியேறுவோம்; கண்டதை வரைந்து, தமிழ்ப்பெயரையும் தெலுங்குப் பெயரையும் அருகருகே எழுதி வைப்போம்.